சொந்தத்தில் கட்டியதால் வந்ததா இந்த நோய்?

வாசகர் கடிதம்: என் அக்கா மகனுக்கு இரண்டரை வயது. பத்து மாதம் வரை நன்றாகத்தான் இருந்தான். ஒரு காய்ச்சல் வந்து போன பிறகு உட்காருவது நின்றுவிட்டது, கழுத்து நிற்கவில்லை, வலிப்பும் வந்தது. எம்.ஆர்.ஐ., மரபணுப் பரிசோதனை எல்லாம் எடுத்து 'லீ சிண்ட்ரோம்' என்று சொல்லிவிட்டார்கள். எம்டி-ஏடிபி6 என்ற மரபணுவில் எம்.8993டி>ஜி, 94 சதவீதம் என்று அறிக்கையில் இருக்கிறது. அக்காவின் ரத்தத்தில் 41 சதவீதம். அக்கா கட்டியது எங்கள் அத்தை மகனை. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று ஊரே பேசுகிறது. அத்தையோ 'உன்னிடமிருந்துதான் வந்தது' என்று அக்காவைக் குத்திக்கொண்டே இருக்கிறார். மரபணுவைத் தூண்டி செல்லுக்குச் சக்தி கொடுக்கும் என்று ஒரு பொடியை மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கிக் கொடுக்கிறோம். எனக்கு இப்போது சொந்தமில்லாத வெளி இடத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் எனக்குப் பயமில்லைதானே? தம்பிக்கும் கல்யாணம் செய்ய வேண்டும். அக்கா இப்போது ஒன்பது வாரக் கர்ப்பம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசி வரியில் எழுதியிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம், அது காத்திருக்காது. அக்காவை இந்த வாரமே ஒரு மரபியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் துறை இருக்கிறது, பெங்களூரு நிம்ஹான்ஸில் இந்த மாதிரி மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் குட்டி உறுப்பு) நோய்களைத் தொடர்ந்து பார்க்கிறார்கள், உங்கள் குழந்தை நல மருத்துவருக்குத் தெரிந்த வேறு இடம் இருந்தால் அதுவும் சரிதான். 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு சிறு துணுக்குத் திசு எடுத்துப் பார்க்கும் சி.வி.எஸ். என்ற பரிசோதனை உண்டு. அது தவறினால் 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். மைட்டோகாண்ட்ரியா நோய்கள் பலவற்றில் இந்த மாதிரிப் பரிசோதனையை நம்புவது கஷ்டம், ஏனென்றால் பிழையுள்ள டி.என்.ஏ. ஒரு திசுவில் இருக்கும் அளவுக்கு இன்னொரு திசுவில் இருக்காது. உங்கள் அறிக்கையில் இருக்கும் 8993 மாற்றம் அந்த வகையில் கொஞ்சம் கருணை உள்ளது: ரத்தம், நஞ்சுக்கொடி, தசை என்று எங்கே பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே விகிதம்தான் வரும், வயது ஏற ஏற அது பெரிதாக மாறுவதும் இல்லை. அதனால் கருவில் எடுக்கும் எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

இரண்டு விஷயங்களை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆய்வகத்துக்கு மகனின் அறிக்கையையும் அக்காவின் ரத்தத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அக்காவின் உடலிலேயே 41 சதவீதம் இருப்பதால், எடுத்த திசுவில் அவருடைய செல்கள் கலந்துவிட்டால் எண் தப்பாகிவிடும், அந்தக் கலப்பு இல்லை என்று அவர்கள் தனியாகச் சரிபார்க்க வேண்டும். அடுத்து, மாற்றம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் அறிக்கை உங்களுக்குப் பயன்படாது. எத்தனை சதவீதம் என்று வேண்டும். சட்டப்படி பதிவு பெற்ற மையத்தில்தான் இதைச் செய்ய முடியும், ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம்.

எண் மிகக் குறைவாக வந்தால் தைரியமாகத் தொடரலாம். 90க்கு மேல் வந்தால் மூத்தவனுக்கு நடந்ததே திரும்ப நடக்க வாய்ப்பு அதிகம். நடுவில் வந்தால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அப்படி உறுதி சொல்கிறவரை நம்பாதீர்கள். டி>ஜி மாற்றத்தில் குழந்தைகளுக்கு ஒன்று மிக அதிகமாக அல்லது மிகக் குறைவாகப் போய்ச் சேருவதுதான் வழக்கம், நடு எண்கள் குறைவாகத்தான் வரும். தொடர்வதா வேண்டாமா என்பது அக்காவும் அவர் கணவரும் எடுக்க வேண்டிய முடிவு. அத்தை எடுக்க வேண்டியதில்லை, நானும் இல்லை. 20 வாரத்துக்குள் முடிவு எடுப்பது சட்டத்தின் வழியிலும் உடம்பின் வழியிலும் சுலபம், அதற்காகத்தான் அவசரப்படுத்துகிறேன்.

சரி, இப்போது ஊர்ப் பேச்சுக்கு வருவோம்.

நம் செல்கள் செய்கிற வேலை எதற்கும் ஏ.டி.பி. என்ற சிறு மூலக்கூறுதான் சக்தி கொடுக்கிறது, ஒரு நாளில் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு அது உருவாகிச் செலவாகிறது. அதைச் செய்யும் என்சைம் ஏ.டி.பி. சிந்தேஸ், மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் பதிந்திருக்கிறது. அது நிஜமாகவே சுழலும். சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஹைட்ரஜன் அயனிகள் பாயும்போது அடியில் இருக்கும் வளையம் சுழல்கிறது, ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. வருகிறது. இது எப்படி நடக்கிறது என்று விளக்கிய பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் 1997இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது, அதே ஆண்டு ஜப்பானில் ஒற்றை என்சைம் சுழல்வதை நுண்ணோக்கியில் நேராகவே பார்த்துவிட்டார்கள்.

இந்த என்சைமின் பாகங்களுக்கான மரபணுக்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன என்பதுதான் உங்கள் குடும்பத்தின் எல்லாக் கேள்விக்கும் பதில். பதினேழு பதினெட்டு வகைப் பாகங்களில் இரண்டைத் தவிர மீதி எல்லாம் செல்லின் நியூக்ளியஸில் இருக்கும் குரோமோசோம்களில் எழுதப்பட்டவை, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. ஏடிபி6, ஏடிபி8 என்ற இரண்டு மட்டும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே இருக்கும் தனிக் குட்டி டி.என்.ஏ.வில் எழுதப்பட்டவை. 16,569 எழுத்து, 37 மரபணு, அவ்வளவுதான் அதன் மொத்த நீளம். அது குழந்தைக்கு அம்மாவின் கருமுட்டை வழியாக மட்டுமே போகிறது.

சொந்தத்தில் கட்டுவது எங்கே ஆபத்தாகிறது என்றால் முதல் வகையில்தான். டிஎம்இஎம்70 என்று நியூக்ளியஸில் ஒரு மரபணு, ஏ.டி.பி. சிந்தேஸைப் பூட்டிக் கோத்து முடிக்க உதவுவது. அதில் இரண்டு பிரதியும் கெட்டால் பிறந்த உடனேயே குழந்தைக்கு ரத்தத்தில் அமிலம் ஏறும், இதயத் தசை தடிக்கும். அப்பாவும் அம்மாவும் ஒவ்வொரு கெட்ட பிரதியோடு இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரே தாத்தா பாட்டி வழியில் வந்த இருவர் கல்யாணம் செய்தால் அதே கெட்ட பிரதி இரண்டு பேரிடமும் இருக்க வாய்ப்பு கூடும். மத்திய ஐரோப்பாவின் ரோமா மக்களிடம் இந்த நோய் அதிகம் காணப்படுவது இப்படித்தான், ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பிழை. லீ சிண்ட்ரோம் என்ற பெயரே ஒரு மரபணுவின் பெயர் இல்லை, மூளையில் தெரியும் ஒரு வகைச் சேதத்தின் பெயர், 1951இல் லண்டனில் டெனிஸ் லீ விவரித்தது. அதற்கு வழிவிடும் மரபணுக்கள் ஏராளம், அவற்றில் பெரும்பகுதி நியூக்ளியஸில்தான். அதனால் சொந்தத்தில் கட்டினால் இது வரும் என்று ஊர் சொல்வது சில வீடுகளுக்குச் சரிதான், நானும் சொந்தத்தில் கட்டுவதைப் பரிந்துரைப்பவன் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் வந்திருப்பது அது இல்லை. 8993 மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் இருக்கிறது. அக்கா அத்தை மகனைக் கட்டாமல் அமெரிக்காவில் யாரையாவது கட்டியிருந்தாலும் இந்த வாய்ப்பு எள்ளளவும் குறைந்திருக்காது.

நம் ஊர் உறவுமுறையை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். அத்தை மகனின் மைட்டோகாண்ட்ரியா அத்தையிடமிருந்து வந்தது, அதற்கும் உங்கள் அம்மா வழிக்கும் சம்பந்தமே இல்லை. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டும் வீடுகளில்தான் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே மைட்டோகாண்ட்ரியா வழி, அங்கேயும் குழந்தைக்குப் போவது மனைவியுடையது மட்டும். உங்கள் வீட்டில் யார் யாருக்கு இது இருக்கலாம் என்றால் அம்மா, அம்மாவின் அக்கா தங்கைகள், தாய்மாமன்கள், பெரியம்மா சித்தி பிள்ளைகள், நீங்கள், உங்கள் தம்பி. மாமா பிள்ளைகளுக்கும் அத்தை பிள்ளைகளுக்கும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளுக்கும் உங்கள் வழியாக வராது.

இதைப் படித்ததும் அத்தை 'நான் சொன்னது சரிதானே' என்பார், அது எனக்குத் தெரியும், எழுதும்போதே அதுதான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. வந்தது அக்காவின் முட்டை வழியாகத்தான். ஆனால் அத்தையின் மைட்டோகாண்ட்ரியா அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியேதான் போயிருக்கிறது, அதில் என்ன எழுதியிருந்தது என்று அவரும் பார்த்து அனுப்பவில்லை. 41 சதவீதத்தோடு அக்கா இத்தனை வயது வரை ஒரு குறையும் இல்லாமல் இருந்திருக்கிறார், ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில்கூட இது தெரியாது. அவர் சாப்பிட்டதாலோ, வேலைக்குப் போனதாலோ, கர்ப்பத்தில் எதையாவது செய்ததாலோ செய்யாததாலோ இது வரவில்லை. அக்கா கணவர் இதைத் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் எடுபடாது. முடிந்தால் அத்தையையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், மருத்துவர் வாயால் கேட்டால் பல வீடுகளில் பேச்சு அடங்குகிறது.

41 சதவீதம் உள்ள தாய்க்கு 94 சதவீதத்தில் எப்படி மகன் என்று கேட்கலாம். ஒரு செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள் இருக்கும், முற்றிய கருமுட்டையில் லட்சத்துக்கும் மேல். சிலதில் பிழை, சிலதில் இல்லை. அக்கா தன் தாய் வயிற்றில் கருவாக இருந்தபோதே அவருடைய முட்டைகளுக்கான ஆதிசெல்கள் உருவாகிவிட்டன, அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு செல்லுக்கும் கொஞ்சம் பிரதிகள்தான் போகின்றன. புழுங்கல் அரிசியும் பச்சரிசியும் கலந்த மூட்டையிலிருந்து இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்தால் சில சிட்டிகையில் பச்சரிசியே அதிகமாக வந்துவிடும் இல்லையா, அப்படி. அந்தச் சிட்டிகை பிறகு பெருகி முழு முட்டையாகிறது. அதனால் அக்காவின் ஒவ்வொரு முட்டையிலும் ஒவ்வொரு விகிதம், இந்தக் கர்ப்பம் போன கர்ப்பம் மாதிரியே இருக்கும் என்றும் சொல்ல முடியாது, இருக்காது என்றும் சொல்ல முடியாது. பொதுவாக 60க்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை, 70 முதல் 90 வரை இருப்பவர்களுக்கு நரம்புக் கோளாறால் தசை பலவீனம், தள்ளாட்டம், இரவில் கண் மங்குவது என்று பின்னாளில் வரலாம், இந்த மாற்றத்தை 1990இல் முதலில் கண்டுபிடித்ததே அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில்தான். 90ஐத் தாண்டினால் லீ சிண்ட்ரோம். இந்த எல்லைகள் கோடு போட்ட மாதிரி இல்லை, ஆளுக்கு ஆள் கொஞ்சம் நகரும்.

அடுத்தது அந்தப் பொடி. மாதம் ஆறாயிரம் என்று எழுதியிருந்ததைப் படித்து எனக்குக் கோபமே வந்தது, உங்கள் மேல் இல்லை.

மரபணுவைத் தூண்ட முடியுமா என்றால், உடம்பு அதைத் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறது. தொடர்ந்து ஓடினால், குளிரில் இருந்தால், தசையிலும் பழுப்புக் கொழுப்பிலும் பிஜிசி-1ஆல்ஃபா என்ற புரதம் கூடும், அது என்ஆர்எஃப்1 போன்ற வேறு புரதங்களோடு சேர்ந்து நியூக்ளியஸில் இருக்கும் ஏ.டி.பி. சிந்தேஸ் மரபணுக்களைக் கூட்டிவிடும், அதே கையோடு டிஎஃப்ஏஎம் என்ற புரதத்தையும் கூட்டும், அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் அங்கே இருக்கும் டி.என்.ஏ.வைப் பெருக்கவும் படிக்கவும் உதவும். இரண்டு இடத்து மரபணுக்களும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டில் இன்னும் நேரடியாகவே இருக்கிறது, நியூக்ளியஸிலிருந்து வந்த மேல் பாகம் பூட்டித் தயாரானால்தான் உள்ளே ஏடிபி6 புரதம் சரியாக உற்பத்தியாகும். நியூக்ளியஸ் பக்கத்தில் தனித்தனிக் கட்டுப்பாடும் உண்டு. சுழலும் வளையத்தில் இருப்பது எட்டு ஒரே மாதிரித் துண்டுகள், அந்த ஒரு துண்டுக்கு மூன்று வேறு குரோமோசோம்களில் மூன்று மரபணுக்கள், மூன்றிலும் கடைசியில் வருவது ஒரே புரதம். அவற்றில் ஒன்றுதான் தேவைக்கேற்ப ஏறி இறங்கும். பழுப்புக் கொழுப்பில் அதை வேண்டுமென்றே தாழ்த்தி வைத்து, என்சைமைக் குறைத்து, எரிபொருளை ஏ.டி.பி. ஆக்காமல் வெப்பமாக்குகிறது உடம்பு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

ஆனால் ஏடிபி6க்கு இப்படித் தனி ஸ்விட்ச் கிடையாது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒரே நீளமாகப் படித்துவிட்டுப் பிறகுதான் துண்டு போடுகிறது செல். ஏடிபி8ம் ஏடிபி6ம் ஒரே துண்டில் இருப்பவை, 46 எழுத்துக்கள் இரண்டுக்கும் பொது. ஏடிபி6ஐ மட்டும் கூட்டு என்று எந்தப் பொடியாலும் சொல்ல முடியாது. மொத்தமாகக் கூட்டினாலும் பிழையுள்ள பிரதியும் பிழையில்லாத பிரதியும் சேர்ந்தேதான் கூடும், நூறில் 94 என்பது இருநூறில் 188 ஆகும், விகிதம் அதேதான். இன்னொன்று, இந்தக் குழந்தையிடம் ஏடிபி6 புரதத்துக்குப் பஞ்சம் இல்லை. புரதம் உருவாகிறது, என்சைமிலும் போய் அமர்கிறது. 156ஆவது இடத்தில் லூசினுக்குப் பதில் நேர்மின்னேற்றமுள்ள ஆர்ஜினின் வந்து, ஹைட்ரஜன் அயனி போகும் பாதையின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது, அதனால் வளையம் சரியாகச் சுழலாமல் ஏ.டி.பி. குறைகிறது. கோளாறு அளவில் இல்லை, அமைப்பில். பொடியை நிறுத்திவிடுங்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த கோ-க்யூ 10, ரிபோஃப்ளேவின், தயாமின் மாதிரி மருந்துகள் வேறு, அவற்றை அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். 2012இல் இந்த வகை மருந்துகளின் ஆய்வுகளையெல்லாம் கோக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது தெளிவான பலன் எதையும் காட்ட முடியவில்லை, ஆனாலும் கெடுதல் குறைவு என்பதால் பலரும் கொடுத்துப் பார்க்கிறோம். ஆய்வகங்களில் விகிதத்தையே மாற்றும் முயற்சிகள் நடக்கின்றன. 8993டி>ஜி மாற்றம் தற்செயலாக ஸ்மா-1 என்ற வெட்டும் என்சைம் அடையாளம் காணும் இடத்தை உருவாக்கிவிடுகிறது, 2002இல் ஜப்பானில் அந்த என்சைமை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பி, பிழையுள்ள பிரதிகளை மட்டும் வெட்டி அழித்தார்கள், எஞ்சிய நல்ல பிரதிகள் பெருகின. அது தட்டில் வளர்த்த செல்களில். குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தாக இன்னும் வரவில்லை, வந்துவிட்டது என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்த ஆறாயிரத்தைப் பிசியோதெரபிக்குச் செலவழியுங்கள், விழுங்குவதைப் பரிசோதிக்கும் நிபுணரிடம் ஒருமுறை காட்டுங்கள், ஏனென்றால் இந்தக் குழந்தைகளுக்கு உணவு மூச்சுக்குழாயில் போவது பெரிய ஆபத்து. காய்ச்சல் வந்தாலோ வாந்தி எடுத்தாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி, குளுக்கோஸ் ஏற்றச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் நீண்ட நேரம் விடக் கூடாது, எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்னால் மயக்க மருந்து டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். வலிப்புக்கு வால்புரோயேட் கொடுத்திருந்தால் அதை மாற்ற முடியுமா என்று நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தடுப்பூசிகளைத் தவறவிடாமல் போடுங்கள். இதய எக்கோ, கண் பரிசோதனை வருடம் ஒருமுறை.

உங்களுக்கு வருவோம். வெளி இடத்தில் மாப்பிள்ளை பார்த்ததால் பயமில்லை என்று நினைக்காதீர்கள், மாப்பிள்ளை யார் என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. உங்கள் விகிதம் அக்காவின் விகிதமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. பூஜ்யமாக இருக்கலாம், 5 ஆக இருக்கலாம், 50 ஆகவும் இருக்கலாம். 8993 சில குடும்பங்களில் அம்மாவிடம் இல்லாமல் ஒரு பிள்ளையிடம் மட்டும் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. எனவே உங்கள் ரத்தம், முடிந்தால் சிறுநீரும், அதோடு அம்மாவின் ரத்தம். முழு மரபணுப் பரிசோதனை வேண்டாம், இந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், செலவும் மிகக் குறைவு. அக்காவின் அறிக்கையை எடுத்துப் போவதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இருந்தால் பெரியம்மா, சித்தி வீட்டுப் பெண்களுக்கும் சொல்ல வேண்டும், ஏற்கனவே கல்யாணம் ஆனவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

ஒன்றுமே இல்லை என்று வந்தால் உங்கள் குழந்தைகளுக்கு ஆபத்து மிக மிகக் குறைவு, முட்டையில் மட்டும் ஒளிந்திருக்கும் சிறு வாய்ப்பைத் தவிர. இருக்கிறது என்று வந்தாலும் வழிகள் உண்டு. கருப்பையில் வைப்பதற்கு முன்பே கருவைச் சோதித்துக் குறைந்த விகிதமுள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம், பிரான்ஸில் 2006இலேயே இதே நோய்க்குச் செய்திருக்கிறார்கள். தானம் பெற்ற முட்டை இன்னொரு வழி, அம்மா வழிச் சொந்தத்தில் யாருடைய முட்டையும் கூடாது. இயல்பாகக் கருத்தரித்து, அக்காவுக்குச் சொன்ன அதே பரிசோதனையைச் செய்வது மூன்றாவது. மூன்று பேர் டி.என்.ஏ. குழந்தை என்று செய்தியில் வந்ததைப் படித்திருப்பீர்கள்: அம்மாவின் நியூக்ளியஸை வேறொரு பெண்ணின் முட்டையில் வைப்பது. மெக்சிகோவில் செய்த சிகிச்சையில் 2016இல் அப்படி முதலில் பிறந்த குழந்தையின் தாய்க்கு இருந்தது இதே 8993டி>ஜி. அவர் இரண்டு குழந்தைகளை லீ சிண்ட்ரோமுக்குப் பறிகொடுத்தவர். பிரிட்டனில் 2015 முதல் சட்டம் இருக்கிறது, நியூகாஸிலில் எட்டுக் குழந்தைகள் பிறந்ததாக 2025இல் அறிவித்தார்கள். நம் ஊரில் அது கிடைப்பதில்லை, அதனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

மாப்பிள்ளையிடம் சொல்வதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். என் கருத்து, முதலில் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். பூஜ்யம் என்றால் இது உங்கள் அக்கா வீட்டு விஷயம், நீங்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருக்கிறது என்றால் நிச்சயத்துக்கு முன்னால் அவரிடம், அவரிடம் மட்டும், நீங்களே நேராகச் சொல்லுங்கள், இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் வேண்டாம். கேள்வி இருந்தால் அவரையும் மரபியல் மருத்துவரிடம் அழைத்துப் போகலாம், இப்படிச் சேர்ந்து வந்து உட்காரும் ஜோடிகளைப் பார்க்கிறோம், கேட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள்.

தம்பிக்குக் கவலை வேண்டாம். அவருக்கு இந்த மாற்றம் இருந்தாலும் அவர் வழியாக அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது, அத்தை மகளைக் கட்டினாலும் சரி, யாரைக் கட்டினாலும் சரி. அவருக்கே இரவில் கண் தெரியாமல் போவது, கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது மாதிரி ஏதாவது இருந்தால் மட்டும் பரிசோதனை செய்தால் போதும். பெண் வீட்டில் கேட்டால் இதை டாக்டரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளலாம்.